அறுபதைத் தாண்டிய இருவர் மோட்டார்ஹோமில் ஆஸ்திரேலியச் சிற்றூர்களைச் சுற்ற முடியுமா?

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு 68 வயது, உங்களுக்கு 63. மகனைப் பார்க்க மதுரையிலிருந்து சிட்னி வருகிறீர்கள். மெல்பர்னில் ஒரு மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வண்டியை, வாடகைக்கு எடுத்து, கடற்கரைப் பக்கம் போகாமல், உள்நாட்டுச் சிற்றூர்கள் வழியாக மூன்று வாரத்தில் பிரிஸ்பேன் சேர வேண்டும் என்று ஆசை. கணவர் முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர்; உங்களுக்கு ஓட்டத் தெரியாது. மகனோ, "அந்த ஊர்களில் என்ன இருக்கிறது? பேசாமல் விமானத்தில் போங்கள்" என்கிறார். பாதுகாப்பானதுதானா, பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தபோது அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகப் பட்டது: நடுவழியில் அவருக்கு முடியாமல் போனால், ஓட்டத் தெரியாத நான் என்ன செய்வேன்? பெரும்பாலும் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் ஒரு சிற்றூர் மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று, வண்டியில் ஊர் சுற்றும் முதியவர்களைப் பல ஆண்டுகள் பார்த்தேன். பிறகு நானும் என் கணவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போகலாம். ஆனால் ஓட்டத் தெரியாத நீங்கள் வெறும் பயணியாக உட்கார்ந்திருந்தால் போகக் கூடாது. ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை நீங்கள் முழுசாக ஏற்றுக்கொண்டால் பயணம் நடக்கும்.

முதலில் அவருடைய பாதி. நீங்கள் சொல்லும் பாதைக்குப் பெயர் நியூவெல் நெடுஞ்சாலை. விக்டோரியா எல்லையில் மர்ரி ஆற்றங்கரையில் இருக்கும் டோகம்வாலில் தொடங்கி, குயின்ஸ்லாந்து எல்லையில் கூண்டிவிண்டியில் முடிகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரு முனையிலும் மெல்பர்னையும் பிரிஸ்பேனையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 1,700. நல்ல தார்ச்சாலை, பெரும்பகுதி சமவெளி, நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம். இந்தியாவில் ஓட்டிப் பழகியவருக்கு இங்கே போக்குவரத்து நெரிசல் பயமே இருக்காது. வெறிச்சோடிய நேர்ச்சாலையில் வரும் தூக்கம்தான் எதிரி. இன்னொரு சின்ன விஷயம்: ஐரோப்பிய வேன்களை வைத்துக் கட்டிய மோட்டார்ஹோம்களில் திரும்பும் விளக்கின் நெம்புகோல் இடப்பக்கம் இருக்கும். முதல் நாள் முழுக்க, திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் கண்ணாடி துடைப்பான் ஆடும். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். உயரத்தை மட்டும் சிரித்துத் தள்ள முடியாது. வண்டி மூன்று மீட்டரையும் தாண்டும். பெட்ரோல் பங்க் கூரை, தாழ்ந்த மரக்கிளை, வணிக வளாகத்தின் மூடிய கார் நிறுத்தம் மூன்றும் ஆபத்து. வண்டியின் சரியான உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண் எதிரே ஒட்டிவையுங்கள். கூரையில் படும் சேதத்தையும் மண்சாலையில் ஏற்படும் சேதத்தையும் பல வாடகை ஒப்பந்தங்களின் காப்பீடு ஏற்பதில்லை.

நியூவெல் சாலை சரக்கு லாரிகளின் ராஜபாட்டை. ரோடு டிரெயின் என்று சொல்லும், 36.5 மீட்டர் வரை நீளமுள்ள தொடர்வண்டி லாரிகள் இதில் ஓடுகின்றன. அவை பின்னால் வந்து நெருங்கினால் பதறி மண் ஓரத்தில் இறங்கவும் கூடாது, திடீரென வேகத்தைக் குறைக்கவும் கூடாது. ஒரே வேகத்தில், நேராக, நம் தடத்திலேயே போக வேண்டும். முந்துவதற்கான கூடுதல் தடம் வரும்போது இடப்பக்கம் ஒதுங்கிக் கொடுத்தால் போதும். எதிரே வரும் லாரி கடக்கும் நொடியில் காற்று வண்டியை ஒரு தள்ளுத் தள்ளும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் கங்காருக்கள் சாலைக்கு வரும். குறுக்கே ஒன்று பாய்ந்தால் நேராகப் பிரேக் போட வேண்டுமே தவிர, ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. உயரமான வண்டி கவிழ்வது அப்படித்தான். ஆகவே காலை ஒன்பதுக்கு முன் கிளம்பாதீர்கள், மாலை நான்குக்கு மேல் சாலையில் இருக்காதீர்கள். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் போதும். இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் மூன்று வாரத்தில் பாதி நாள்கள் வண்டியை எடுக்கவே வேண்டியிருக்காது.

இனி உங்கள் பாதி. வழிகாட்டி, தொலைபேசி இரண்டும் உங்களுடையவை. நியூ சவுத் வேல்ஸில் ஓட்டுநர் கையில் போன் இருந்தால் படம் பிடிக்கும் கேமராக்கள் உண்டு, அபராதம் கடுமை. வண்டியை நகர்த்துமுன் சுற்றி வந்து பார்க்க வேண்டியதும் நீங்கள்: எரிவாயு மூடியாயிற்றா, மின்கம்பியைப் பிடுங்கியாயிற்றா, அலமாரிக் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா, படிக்கட்டு உள்ளே போயிற்றா. அப்புறம் கழிவறைப் பெட்டி. யாரும் விளம்பரத்தில் காட்டாத வேலை இது, அதனால் விவரமாகவே சொல்கிறேன். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சிறு கதவைத் திறந்தால், சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வெளியே வரும். அதை இழுத்துக்கொண்டு டம்ப் பாயின்ட் என்ற கழிவுக் குழிக்குப் போக வேண்டும். கையுறை போட்டு, குழாய் வாயைத் திருப்பி, மூடியைக் கழற்றிச் சாய்க்கும்போது பெட்டியின் மேலே இருக்கும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஊற்ற வேண்டும். அழுத்தாவிட்டால் மடக் மடக்கென்று கொப்பளித்துக் காலில் தெறிக்கும். இரண்டு முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டு, மருந்து ஊற்றி மூடினால் முடிந்தது. நிரம்பிய பெட்டி கனமாக இருக்கும், ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். நம் ஊர்த் தம்பதிகள் இந்த வேலைக்கு முகம் சுளித்துச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். கிளம்புமுன்பே யார் செய்வது என்று பேசி முடித்துவிடுங்கள்.

அவருக்கு முடியாமல் போனால் என்ன என்பதற்கு நேரடிப் பதில்: அவசர உதவி எண் 000. கைப்பேசியில் 112 அழைத்தாலும் போகும். எமர்ஜென்சி பிளஸ் என்ற அரசு செயலியைப் போனில் போட்டுக்கொண்டால், நீங்கள் நிற்கும் இடத்தைத் திரையிலேயே காட்டும். அதைப் படித்துச் சொன்னால் போதும். ஊர்களுக்கு இடையே சிக்னல் விட்டுப்போகும். கிராமப்புறத்தில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்துக்குத்தான் பரந்த வலையமைப்பு. அந்தச் சிம் ஒன்று இருப்பது நல்லது. இரவில் தனி இடத்தில் நிறுத்தாமல், இப்படிப்பட்ட வண்டிகள் கட்டணம் கொடுத்துத் தங்கும் கேரவன் பார்க்கில் நிறுத்தினால், கூப்பிடு தூரத்தில் பத்து வண்டி இருக்கும். அவற்றில் பாதியில் உங்கள் வயதுக்காரர்கள்தான் இருப்பார்கள். வண்டியை மீட்டுக்கொண்டு போக என்ன செலவு, யார் வருவார்கள் என்பதை முன்பதிவின்போதே "ஓட்டுநர் ஒருவர்தான்" என்று சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் விஷயம் இது, பொதுவாகச் சொல்ல முடியாது.

மருந்து விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாத சில உண்டு. வருகை விசாவில் வரும் இந்தியருக்கு இங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. பழைய நோய்களையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு இல்லாமல் வராதீர்கள். மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை மருத்துவர் கடிதத்தோடு கொண்டுவரலாம். இந்தியச் சீட்டைக் காட்டி இங்கே மருந்தகத்தில் வாங்க முடியாது. அதற்கு மேல் தேவைப்பட்டால், புறப்படுமுன் மகன் ஊரிலேயே ஒரு மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் இருந்தால் வண்டிக் குளிர்பெட்டியில் உறைதட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தது குப்பைக்குத்தான். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் ஓட்டுநராக இருந்தால், மதியச் சாப்பாடு தள்ளிப்போவது ஆபத்து, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த ஊர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். மருந்தகத்தில் நான் பார்த்த காயங்களில் சாலை விபத்தைவிட அதிகம், இரவில் கழிவறைக்கு எழுந்து வண்டிப் படியில் தடுமாறியவர்களுடையதுதான். கழிவறை உள்ள வண்டியாகவே எடுங்கள். தலைமாட்டில் ஒரு டார்ச் இருக்கட்டும். இதய நோய் உள்ளவர் இந்தத் தூரம் ஓட்டலாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல.

மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்ன இருக்கிறது? ஜெரில்டரியில் ஆரம்பிக்கலாம். ஒரே கடைத்தெரு கொண்ட ஊர். 1879 பிப்ரவரியில், போலீஸ் தேடிக்கொண்டிருந்த நெட் கெல்லியும் கூட்டாளிகளும் இங்கே போலீஸ்காரர்களை அவர்களுடைய லாக்கப்பிலேயே அடைத்துப் பூட்டிவிட்டு, அவர்களின் சீருடையைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் திரிந்து, வங்கியைக் கொள்ளையடித்தார்கள். தன் தரப்பு நியாயத்தைச் சொல்லி அச்சிடுவதற்காகக் கெல்லி கொண்டுவந்த நீண்ட கடிதம் இப்போது மெல்பர்னில் மாநில நூலகத்தில் இருக்கிறது. கொள்ளைக்காரனா, அநீதியை எதிர்த்தவனா என்று இன்றுவரை இவர்களுக்குள் வழக்கு ஓய்ந்தபாடில்லை. நாரண்டேராவில் மரும்பிஜி ஆற்றோர வனத்தில் யூகலிப்டஸ் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் கோலா கண்ணில் படலாம், படாமலும் போகலாம். வெஸ்ட் வயலாங்கின் கடைத்தெரு பாம்பாக வளைந்து போகும். பழைய மாட்டுவண்டித் தடம் மரங்களைச் சுற்றிப் போன வழியிலேயே தெரு அமைந்துவிட்டது என்பார்கள். அங்கே ஒரு தேநீர் போதும்.

பார்க்ஸில் இரண்டு நாள் தங்குங்கள். ஊருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், வயல்வெளி நடுவே 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. 1961இல் திறந்தது. 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நடந்ததை உலகம் பார்த்த ஒளிபரப்பில், முதல் சில நிமிடங்களுக்குப் பிறகான பெரும்பகுதி இந்தத் தட்டு வாங்கிய சமிக்ஞைதான். 2020இல் விராஜுரி பழங்குடி மூத்தோர் இதற்கு முரியாங் என்று பெயர் சூட்டினார்கள். அருகே போகும்போது போனை அணைக்கச் சொல்வார்கள், அணைத்துவிடுங்கள். ஜனவரியில் மட்டும் இந்த ஊர்ப் பக்கம் போகாதீர்கள்: எல்விஸ் பிரெஸ்லி திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, வெயிலும் 40 பாகையைத் தொடும்.

டப்போவில் 1977இல் திறந்த பெரிய உயிரியல் பூங்கா இருக்கிறது, வாகனத்திலேயே சுற்றலாம். நல்ல மருத்துவமனையும் பெரிய கடைகளும் உள்ள ஊர். மளிகை, மருந்து எல்லாவற்றையும் இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கூனபராபிரானுக்குப் போகும் வழியில் சாலையோரப் பலகைகளில் கோள்கள் வரும். சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தின் குவிமாடத்தைச் சூரியனாக வைத்து, சூரியக் குடும்பத்தை 3 கோடியே 80 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் சாலைகளில் விரித்திருக்கிறார்கள். டப்போவில் புளூட்டோ, மணிக்கணக்காக ஓட்டி வானாய்வகம் நெருங்கும்போதுதான் பூமி வரும். கணவர் அறிவியல் ஆசிரியர் என்று எழுதியிருந்தீர்களே, அவருக்கு இதுவே பயணச் செலவுக்கு ஈடு. பக்கத்து வாரம்பங்கிள் தேசியப் பூங்காவை 2016இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவித்தார்கள். அமாவாசையை ஒட்டி அங்கே இரண்டு இரவு இருக்குமாறு தேதி பாருங்கள். பால்வீதியை அப்படி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குளிரும் கடுமை, ஜூலை இரவுகளில் சுழியத்துக்குக் கீழே போகும்.

அடுத்து மொரீ. 1895இல் பாசனத்துக்காகத் துளையிட்டபோது, நிலத்தடிப் பேரூற்றுப் படுகையிலிருந்து சுமார் 41 பாகையில் வெந்நீர் வந்தது. அது பொதுக் குளியல் குளமாயிற்று. முழங்கால் வலிக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கிக் குளிப்பார்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட வேண்டும். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக. அந்தக் குளத்தில் பழங்குடியினரை நகராட்சி விதி போட்டே தடுத்துவைத்திருந்தார்கள். 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பழங்குடி மாணவர் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்ஸில் வந்து, பழங்குடிச் சிறுவர்களை அழைத்துக்கொண்டு அந்தக் குளத்துக்குள் போனார்கள். வாசலில் கூட்டம் கூடிக் கல்லும் முட்டையும் பறந்தன. கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த மதுரையிலிருந்து வரும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மொரீயைச் சுற்றிய கருமண் வயல்களில் பருத்தியும் கொண்டைக்கடலையும் விளைகின்றன. சிறிய கறுப்புக் கடலைக்கு நம் நாடு பெரிய வாடிக்கையாளர். 2017 கடைசியில் இந்தியா இறக்குமதி வரி போட்டபோது இங்குள்ள விவசாயிகள் முகம் வாடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் இந்தியர் என்று தெரிந்தால் தானாகவே வந்து அந்தப் பேச்சை எடுப்பார்கள்.

சாப்பாடு. ஊருக்கு ஒரு பேக்கரி நிச்சயம். சைவத்துக்குக் கீரை ரோலோ காய்கறிப் பேஸ்ட்ரியோ கிடைக்கும், மூன்றாம் நாள் அலுத்துவிடும். அரிசி, காய், தயிர் சூப்பர்மார்க்கெட்டில் உண்டு. துவரம்பருப்பு, புளி, பெருங்காயத்தை மெல்பர்னில் டாண்டினாங் கடைகளில் வாங்கி ஏற்றிவிடுங்கள். தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கடுகு வெடித்ததும் புகை மணி அலறும், பெருங்காய வாசனை தலையணையில் ஏறிப் பிரிஸ்பேன் வரை வரும். கேரவன் பார்க்குகளில் பொதுச் சமையல் கூடம் இருக்கும், அங்கே தாளியுங்கள். குக்கர் விசில் கேட்டு நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தால் அடுத்த ஊரில் எங்கே நிறுத்துவது என்ற விவரம் முழுக்கக் கிடைக்கும்.

தங்குமிடம் மூன்று வகை. மின்வசதியுள்ள கேரவன் பார்க் இடம் இரவுக்கு ஏறக்குறைய 35 முதல் 60 டாலர். ஷோகிரவுண்ட் எனும் ஊர்க் கண்காட்சித் திடல்களில் அதைவிடக் குறைவு. இலவச இடங்களும் உண்டு. அவற்றில் பல, கழிவறையும் கழிவுநீர்த் தொட்டியும் உள்ள வண்டிகளுக்கு மட்டும். முதல் பயணத்தில் இலவச இடம் வேண்டாம் என்பது என் கட்சி. மோட்டார்ஹோம் சங்கம் 'ஆர்வி நட்பு நகரம்' (ஆர்வி என்றால் இப்படித் தங்கிச் செல்லும் வண்டி) என்று அங்கீகரித்த ஊர்களில் நிறுத்தவும் தண்ணீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் வசதி செய்திருப்பார்கள். வங்கிக் கிளைகள் மூடிக்கொண்டிருக்கும் ஊர்களுக்கு இப்படி வருகிறவர்கள் வாங்கும் ரொட்டியும் டீசலும் பெரிய விஷயம். ஆகவே தங்கும் ஊரிலேயே டீசலைப் போடுங்கள். லாரிகளுக்கென்று ஒதுக்கிய ஓய்விடத்தில் நிறுத்தித் தூங்காதீர்கள்; அந்த ஓட்டுநருக்கு ஓய்வு சட்டப்படி கட்டாயம்.

காலம் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். மழை வலுத்தால் இந்தச் சாலை மூழ்கும். 2022இல் ஃபோர்ப்ஸ் பக்கம் வெள்ளம் வந்து மூடிக்கிடந்தது. லைவ் டிராஃபிக் என்ற மாநில அரசுத் தளத்தைத் தினமும் காலையில் பாருங்கள். வாடகை பருவத்துக்குப் பருவம் எகிறும், அதனால் தொகை சொல்லமாட்டேன். ஒரு நகரில் எடுத்து இன்னொரு நகரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா, ஓட்டுநருக்கு வயது வரம்பு உண்டா, இந்திய உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டுமா என்று கேளுங்கள். அனுமதியை மதுரையிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவருவது நல்லது. ஒரு டாலர், இரண்டு டாலருக்கு வண்டி தருவதாக வரும் இடமாற்றச் சலுகைகள் உங்களுக்கு ஆகாது. சில நாள்களிலேயே ஓட்டிச் சேர்க்கச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் இங்கிருந்து என்னால் தீர்மானிக்க முடியாது. மழை நாளில், ஆறேழு மீட்டர் நீளப் பெட்டிக்குள், ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டிய இடத்தில், நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு இருப்பீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதற்காக ஒரு யோசனை. மெல்பர்ன் வண்டியைப் பதிவு செய்யுமுன், சிட்னியிலேயே ஒரு வண்டியை மூன்று இரவுக்கு எடுத்து, மகனையும் பின்னால் காரில் வரச் சொல்லி, பாதர்ஸ்ட் வரை போய்வாருங்கள். அப்பா ஓட்டுவதை அவர் பார்க்கட்டும், கழிவறைப் பெட்டியை நீங்கள் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் அதே பாதையை ஒரு சாதாரணக் காரில் போகலாம். மேலே சொன்ன ஊர்களில் எல்லாம் சாலையோர மோட்டல்கள் இருக்கின்றன, அறை வாசலிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம், டீசலும் மிச்சம்.